1600 மணி நேரத்தில் கல்லூரி நாட்களும் சேரும்

சேரும். "வேலைக்குப் போய் எட்டு மாதம்தான், ஓஆர்ஈ எழுத 1600 மணி நேரத்துக்கு எங்கே போவேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்; அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். (ஓஆர்ஈ என்பது வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதும் தேர்வு.) பிடிஎஸ் படிக்கும்போது பார்த்த கிளினிக், பயிற்சி ஆண்டு, இந்த எட்டு மாதம் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டலாம். பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சிலான ஜிடிசி கேட்பது, நோயாளியை நாற்காலியில் வைத்து உங்கள் கையால் சிகிச்சை செய்த நேரம். பக்கத்தில் நின்று பார்த்தது சேராது.

விண்ணப்பம் திரும்பியதற்குக் காரணம் அநேகமாகக் கல்லூரிக் கடிதம்தான். "ஓராண்டு பயிற்சி முடித்தார்" என்று மட்டும் எழுதினால் மணிக்கணக்கு எங்கே தெரியும்?

பழைய லாக் புத்தகத்தை எடுங்கள். பல் பிடுங்கியது, வேர் சிகிச்சை, செட் பல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்து இருக்குமே, அதை வைத்துத் துறைவாரியாகக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், மாதம் 25 நாள் என்றாலே ஆண்டுக்கு 1800. அப்புறம் அந்தக் கணக்கோடு முதல்வரிடம் புதுக் கடிதம் கேளுங்கள். உண்மையில் செய்த நேரத்தை மட்டும் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பதிவு கிடைக்கும்வரை அங்கே இலவச முகாமில்கூட யார் வாயிலும் கை வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.