வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றி விரல்கள் மரத்துப் போவது ஏன்? நிறைய ஆக்ஸிஜன் உள்ளே போனால் நல்லதுதானே?

நடுராத்திரியில் படுக்கையில் உட்கார்ந்து இதைத் தட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்திருப்பீர்கள், ரத்தத்தில் ஆக்ஸிஜன் 99 சதவீதம் என்று காட்டியிருக்கும். அப்புறம் ஏன் மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று பயம் இன்னும் ஏறியிருக்கும்.

ஆக்ஸிஜன் ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் கூடுவது சொற்பம். வேக மூச்சில் குறைந்துபோவது கார்பன் டை ஆக்சைடு. அதை வெறும் கழிவு என்றே பள்ளியில் படித்துவிட்டோம். மூளையின் சிறு தமனிகள் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. அது குறைந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை குறையும், தமனிச் சுவரின் தசை இறுகும், குழாய் குறுகும். (தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், சுருங்குகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள். தந்துகிக்குத் தசைச் சுவரே கிடையாது. சுருங்குவது அதற்கு முந்தைய சிறு தமனி.) தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். 1 குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 சதவீதம் குறையும். தலை சுற்றுவது அதனால்தான். இது என் சொந்தச் சரக்கு இல்லை, 1948-லேயே அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களிடம் அளந்து பார்த்துவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. "டெக்னீஷியனுக்கு எதுக்கு இந்த வேலை" என்று கீழே எழுத வருகிறவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிட்டேன். 17 வருடமாக ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்கிறேன். ஆட்களை 3 நிமிடம் வேகமாக மூச்சு விட வைப்பது அதில் ஒரு பகுதி. சின்னப் பிள்ளைகள் கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அலைகள் அகலமாக, சோம்பலாக விழ ஆரம்பிக்கும். சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். ஒரு வகை வலிப்பு இருந்தால் பிள்ளை சட்டென்று ஊதுவதை நிறுத்தி எங்கோ வெறிக்கும், காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். திரையில் நொடிக்கு 3 வீதம் கூர்முனைகள். பத்து நொடியில் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஊதும். மொயாமொயா என்ற மூளைத் தமனி நோய் இருந்தால் ஊதவே விடமாட்டோம், குழாய் ஏற்கனவே குறுகியது. அந்த நோய் அதிகம் காணப்படும் ஜப்பானில், சூடான நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடும்போதே கை கால் செயலிழந்த பிள்ளைகள் உண்டு.

தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று வழிய வழியத் தடவி, படியச் சீவித்தான் கூட்டி வருவார்கள். அலைகளைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் 21 எலக்ட்ரோடும் வழுக்கும். அது தனிக்கதை, விடுங்கள்.

இவ்வளவு தெரிந்த எனக்கே வந்தது. பூர்வீக நிலத்தில் என் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் பதிவு அலுவலகம் போயிருந்தோம். முதல்நாள் பேசிய தொகை வேறு, அங்கே வந்ததும் சொன்ன தொகை வேறு. கத்தவில்லை நான், மூச்சுதான் வாங்கியது. முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. பிறகு விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துவிட்டது. ரேகை மெஷினில் வைக்க வேண்டிய அதே கட்டை விரல்! "தம்பி, நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடுங்க" என்று பத்திரம் எழுதுபவர் விசிறினார். நல்ல மனுஷன், ஆனால் அதைவிடத் தப்பான யோசனை கிடையாது. அண்ணி "ஹார்ட்டா இருக்கப் போவுது" என்று அழ ஆரம்பித்தார். அண்ணன் மட்டும், "கையெழுத்துப் போடாம இருக்க நடிக்கிறான்" என்றார்.

ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும்போது தனித்து உலவும் கால்சியம் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், நரம்பு தானாகத் துடித்துத் தசையை இழுக்கும், அதனால்தான் கை கோணுகிறது. இதெல்லாம் மண்டைக்குள் ஓடியது. ஆனாலும் மூச்சை நிறுத்த முடியவில்லை. பக்கத்து கிளினிக் நர்ஸ் என் எதிரே உட்கார்ந்து, "எனக்கு அப்புறம்தான் நீங்க மூச்சு விடணும்" என்று கணக்கு வைத்து மெதுவாக விட வைத்தார். இருபது நிமிடத்தில் விரல் பிரிந்தது.

உங்களுக்கும் அதுதான் வழி, மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையிலேயே ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். முதல் தடவை வருகிறது, நெஞ்சு வலியும் இருக்கிறது என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்று சாயங்காலமே கையெழுத்தும் போட்டேன், ரேகையும் வைத்தேன். அதனாலேயே "பாத்தியா, நடிப்புதான்" என்பது அண்ணனுக்கு உறுதியாகிவிட்டது. இப்போதும் கல்யாண வீட்டுப் பந்தியில் என் கை கோணியதைச் செய்து காட்டுகிறார். கட்டை விரலை மட்டும் தப்பாக வைக்கிறார், வெளியே நீட்டிக்கொண்டு.