‘2 முதல் 4 மி.கி.’ என்று எழுதியிருந்தால் அளவை நர்ஸ் முடிவு செய்யலாமா?

‘வலி இருந்தால் மார்ஃபின் 2 முதல் 4 மி.கி., ரத்தக்குழாய் வழியாக, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்று டாக்டர் எழுதினால், நர்ஸ் இஷ்டத்துக்கு அளவு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இஷ்டத்துக்கு இல்லை. எல்லை டாக்டர் போட்டது. அதற்குள் எவ்வளவு என்பதை நோயாளியைப் பார்த்து நர்ஸ் முடிவு செய்கிறார்.

வலி பத்துக்கு எட்டு என்றதுமே 4 மி.கி. ஏற்றிவிடக் கூடாது. இந்த வகை மருந்து பழகியவரா, வயது என்ன, சிறுநீரகம் எப்படி, தூக்க மாத்திரை ஏதும் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பேசும்போதே கண் செருகுகிறதா என்று கவனிப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மூச்சு மந்தமாவதற்கு முன் பெரும்பாலும் அந்த அரைமயக்கம்தான் வரும். அப்படி இருந்தால் 2 மி.கி.கூட போடாமல் டாக்டரை அழைக்க வேண்டியதுதான்.

முதல்முறை என்றால் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. அப்புறம் 15 முதல் 30 நிமிடத்தில் திரும்பப் போய் வலி, மயக்கம், மூச்சு மூன்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

சரி, வலி அடங்கவில்லை. மீதி 2 மி.கி.யை உடனே கொடுக்கலாமா? அது மருத்துவமனை விதியைப் பொறுத்தது. விதி தெளிவாக இல்லையென்றால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. 4 மி.கி.யைத் தாண்ட வேண்டுமென்றால் புது ஆர்டர் வேண்டும்.