பால்கனைசேஷனும் போலரைசேஷனும் ஒன்றா?

கேள்வி: "எங்கள் அலுவலகத்தில் ஒரு விஷயத்தில் எல்லோரும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இதை அறிக்கையில் பால்கனைசேஷன் என்று எழுதலாமா, போலரைசேஷன் என்று எழுதலாமா? இரண்டுக்கும் பிளவு என்றுதானே அர்த்தம்?"

இல்லை, உங்கள் நிலைமைக்கு போலரைசேஷன்தான் சரி. பால்கனைசேஷன் வேறு சொல், அதன் கனமும் வேறு. அகராதியில் ஒரு வரியில் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டால் தப்பாகத்தான் போகும், ஏனென்றால் இந்தச் சொல்லுக்குள் ஒரு நிலப்பகுதியின் சரித்திரமே அடைந்து கிடக்கிறது. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எங்கே போடலாம், எங்கே கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருப்பது பால்கன் தீபகற்பம். பல நூற்றாண்டுகள் அதன் பெரும்பகுதி துருக்கியரின் ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. பேரரசு தளரத் தளர ஒவ்வொரு துண்டாகக் கழன்று தனி நாடானது. செர்பியா, மாண்டினீக்ரோ, ருமேனியா மூன்றையும் 1878-இல் பெர்லின் மாநாடு சுதந்திர நாடுகளாக ஏற்றுக்கொண்டது, பல்கேரியா 1908-இல் முழுச் சுதந்திரத்தை அறிவித்தது, அல்பேனியா 1912-இல். இது வரைக்கும் வெறும் பிரிவினைதான். அடுத்து நடந்ததுதான் இந்தச் சொல்லுக்கு உயிர். 1912-இல் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ நான்கும் கைகோத்து ஒட்டோமான் படையைத் தோற்கடித்தன. 1913 மே 30 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சரியாக ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை, ஜூன் கடைசியில் ஒரு நாள் இரவு பல்கேரியா தன் கூட்டாளிகளான செர்பியாவையும் கிரீஸையும் தாக்கியது, எதற்கு என்றால் சேர்ந்து பிடித்த மாசிடோனியாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு. சந்தர்ப்பம் பார்த்து ருமேனியா ஒரு பக்கமிருந்து உள்ளே வந்தது, தோற்றுப்போன ஒட்டோமான்களும் திரும்பி வந்து, இழந்த இடத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் புக்கரெஸ்டில் இன்னொரு ஒப்பந்தம்.

முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவின் பெரிய பேரரசுகள் சிதறிய சமயத்தில் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். அதே பால்கன் பகுதியில் இருந்த யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்தபோது பிறந்த சொல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது உடையத் தொடங்கியது 1991-இல், சொல் அதற்கு எழுபது வருஷம் மூத்தது.

ஆக, பால்கனைசேஷன் என்று எழுத மூன்று விஷயம் இருக்க வேண்டும். முன்பு ஒன்றாக இருந்த ஏதோ ஒன்று. அது பல சிறு துண்டுகளாகிறது, இரண்டு அல்ல, பல. அந்தத் துண்டுகள் ஒன்றுக்கொன்று ஆகாமல் நிற்கின்றன. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நானும் மறந்தேன். ஒரு மென்பொருள் வேலையில் மூன்று குழுக்கள் ஒரே நிரலை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு தனித்தனியே திருத்திக்கொண்டிருந்தன. அறிக்கையில் அதை 'பால்கனைஸ்ட்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மூத்த சக ஊழியர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு ஓரத்தில் எழுதிய கேள்வி இன்னும் என் கண்ணில் நிற்கிறது: "இதில் யாருக்கும் யாருக்கும் சண்டை?" யாருக்கும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஃபிராக்மென்டட், அதாவது துண்டு துண்டாக இருக்கிறது, என்று எழுதியிருந்தால் போதும். அதற்குள் அறிக்கை அந்தக் குழுக்களுக்கும் போயிருந்தது, அவர்களில் ஒருவர் வந்து, "நாங்க என்ன அடிச்சுக்கிட்டா இருக்கோம்?" என்று கேட்டார். அவர் முகம் வாடியிருந்தது. ஒரு சொல் தப்பானால் மொழி மட்டும் கெடுவதில்லை, இல்லாத பகையை இருக்கிறதென்று எழுதி வைத்துவிடுகிறோம். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எழுதும் முன் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

போலரைசேஷன் என்பது இரண்டு துருவம். நடுவில் நின்றவர்களும் ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சேருகிறார்கள், நடு காலியாகிறது. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட இதுதான். ஊர் அப்போதும் ஒரே ஊர்தான், மனசு இரண்டுபட்டிருக்கிறது. பால்கனைசேஷனில் ஊரே ஐந்தாகி, ஒவ்வொன்றும் தனக்கென்று எல்லை போட்டுக்கொள்கிறது. ஒரு கட்சிக்குள் ஆளாளுக்குக் கோஷ்டி சேர்த்துக்கொண்டு, ஆனால் ஒரே கொடியின் கீழ் இருந்தால் அது ஃபேக்‌ஷனலிசம், நம் கோஷ்டிப் பூசல். மதத்திலோ கொள்கையிலோ பிளவு வந்து இரு தரப்பும் தனித்தனிச் சபையாகிவிட்டால் ஸ்கிசம், 1054-இல் கிழக்கு, மேற்குத் திருச்சபைகள் பிரிந்ததற்கு அந்தப் பெயர்தான். யாரோ அதிகாரத்தில் இருப்பவர்கள் கோடு கிழித்துப் பிரித்தால் பார்ட்டிஷன். ஒரு பகுதி மட்டும் விலகிப் போனால் செசெஷன்.

ஒரே காலத்தில் நடந்த இரண்டு பிரிவினைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாகியா சண்டை சச்சரவில்லாமல் செக், ஸ்லோவாக் என்று இரண்டு நாடாயிற்று. அதைப் பால்கனைசேஷன் என்று எழுதினால் தவறு. அதே வருஷங்களில் யூகோஸ்லாவியாவின் குடியரசுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, போஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை போர், சரயேவோ நகரம் ஏறக்குறைய நான்கு வருஷம் முற்றுகையில் கிடந்தது. அதற்கு இந்தச் சொல் பொருந்தும்.

ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா எட்டுப் பகுதிகள் சேர்ந்த ஒரே கூட்டாட்சி அமைப்பாக இருந்தது. 1956-இல் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம் அதிகாரத்தைக் கூட்டாட்சிக்குத் தராமல் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தபோது, பின்னாளில் செனகலின் முதல் ஜனாதிபதியான செங்கோர் அதைப் பால்கனைசேஷன் என்று கண்டித்தார். அங்கே துண்டுகளுக்குள் அடிதடி இல்லை. சிறுசிறு துண்டாகிவிட்டால் தனியே நிற்கத் திராணி இருக்காது, வெளியாரை அண்டித்தான் பிழைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அவர் கவலை. அதனால் பகை இல்லாத இடத்திலும், வெளியிலிருந்து ஒருவர் துண்டாடிப் பலவீனமாக்கினார் என்ற அர்த்தத்தில் இது வரலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் யார் துண்டாடினார் என்பது தெரிய வேண்டும்.

இலக்கணத்தில் பெரிய சிக்கல் இல்லை. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக, 'வாஸ் பால்கனைஸ்ட் இன்டூ' என்று வரும், 'பிட்வீன்' போடாதீர்கள். முதல் எழுத்தைப் பெரிதாகவும் எழுதுகிறார்கள், சிறிதாகவும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் எஸ், இசட் இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். உச்சரிப்பில் மட்டும் கவனம்: நாம் குடிக்கிற பால் அல்ல, பந்துக்கு ஆங்கிலத்தில் சொல்வோமே, அந்த ஒலி.

அப்புறம் இன்னொன்று, இது எனக்கு முக்கியம். அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களிடம் பேசும்போது இந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். தங்கள் மண்ணின் பெயரே உலகம் முழுக்க வசவாகப் புழங்குவதைப் பற்றி அவர்களில் பலருக்கு நியாயமான வருத்தம் உண்டு. அவர்கள் சண்டையில் பெரிய வல்லரசுகளின் கையும் இருந்தது, பெயர் மட்டும் அவர்களுக்கு. அவர்கள் படிக்கப்போகிற கட்டுரை என்றால், இன்ன நாடு இத்தனையாகப் பிரிந்தது, இவர்களுக்குள் பகை என்று விரித்தே எழுதிவிடலாம், ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். 'தி ஆபீஸ் இஸ் போலரைஸ்ட் ஓவர் திஸ் இஷ்யூ' என்று எழுதுங்கள். அந்த இரண்டு அணியும் நாளைக்கு ஐந்தாக உடைந்து, ஒருவர் கோப்பை இன்னொருவருக்குக் காட்டாமல், ஒருவர் கூட்டத்துக்கு இன்னொருவர் போகாமல் இருக்கும் நிலை வந்தால், அப்போது 'பால்கனைஸ்ட் இன்டூ ஃபைவ் கேம்ப்ஸ்' என்று மாற்றிக்கொள்ளலாம்.