சூப்பர் பவுல் கேள்வி பதில்: கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெயித்தால் பந்தை வாங்கலாமா?

கேள்வி: சார், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைப் பார்க்க நம்ம ஊரில் எத்தனை மணிக்கு டிவி முன்னால் உட்கார வேண்டும்?

பதில்: திங்கள் அதிகாலை 5 மணிக்கு. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி அது ஞாயிறு மாலை 6.30. இடைவேளைக் கச்சேரிக்கு மேடை போட்டுப் பிரிக்க வேண்டியிருப்பதால், வழக்கமான 13 நிமிடம் அரை மணி வரை நீளும். ஆபீஸ் போகிறவர்கள் ஒன்பது மணி வரை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: 2024 ஆட்டம் 19-19 என்று சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, கான்சாஸ் சிட்டிக்கு எதிராக சான் பிரான்சிஸ்கோ டாஸ் ஜெயித்துப் பந்தை வாங்கியது, அதாவது முதலில் ஆடியது, தப்பா?

பதில்: என் கணிப்பில் தப்புதான். 2022இல் பிளேஆஃபுக்கு (சூப்பர் பவுல் உட்பட நாக்-அவுட் ஆட்டங்களுக்கு) வந்த விதிப்படி, முதலில் ஆடும் அணி டச்டவுனே (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி) போட்டாலும் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டும் சமமானால், அதன்பின் முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. அப்படி வரும் மூன்றாவது வாய்ப்பு முதலில் ஆடியவருக்கே என்பதால், அதற்கு ஆசைப்பட்டுத்தான் சான் பிரான்சிஸ்கோ பந்தை வாங்கியது. அது வந்தால்தானே! இரண்டாவதாக ஆடுபவருக்கோ எத்தனை புள்ளி வேண்டும் என்பது முன்பே தெரியும்.

நடந்ததைப் பாருங்கள். எதிரணியின் 9 யார்டு கோட்டில் நான்காவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), இன்னும் 4 யார்டு தேவை. சான் பிரான்சிஸ்கோ ஃபீல்ட் கோலோடு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) நிறுத்திக்கொண்டது: 22-19. பிறகு கான்சாஸ் சிட்டி தன் 34 யார்டு கோட்டிலேயே நான்காவது டவுனில் மாட்டியது. 1 யார்டு தேவை. மற்ற நேரமாக இருந்தால் அங்கே பன்ட் உதைக்கவும், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுக்கவும், வாய்ப்புண்டு. புள்ளி இல்லையென்றால் தோல்வி என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வழக்கமாகப் பந்தை எறியும் கான்சாஸ் சிட்டி வீரர் மஹோம்ஸ் தானே ஓடி 8 யார்டு எடுத்தார். கடைசியில் சக வீரர் ஹார்ட்மனுக்கு 3 யார்டு பாஸ், டச்டவுன், 25-22.

கேள்வி: அப்போது கூடுதல் நேரத்தின் முதல் 15 நிமிடத்தில் 3 வினாடிதான் மிச்சம். அது தீர்ந்திருந்தால்?

பதில்: ஒன்றும் ஆகாது. அடுத்த 15 நிமிடப் பகுதி தொடங்கும். பந்து அதே இடத்தில், அதே டவுனில் தொடரும். முதல் கால் பகுதி முடிந்து இரண்டாவது தொடங்குகிற மாதிரிதான்.

கேள்வி: 2017 சூப்பர் பவுலின் கூடுதல் நேரத்தில் அட்லாண்டாவுக்குப் பந்தே கிடைக்கவில்லையே?

பதில்: அது பழைய விதி: முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் என்றால் ஆட்டம் முடிந்தது. நியூ இங்கிலாந்து 34-28 என்று ஜெயித்தது அப்படித்தான். 2022 ஜனவரியில் பஃபலோவும் கான்சாஸ் சிட்டியிடம் இதே மாதிரி தோற்ற பிறகுதான் விதியை மாற்றினார்கள்.

கேள்வி: இப்போது முதல் வாய்ப்பிலேயே ஆட்டம் முடிய வழியே இல்லையா?

பதில்: உண்டு. முதலில் ஆடும் அணியின் பாஸைத் தடுப்பணி பிடித்து ஓடி டச்டவுன் போட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் ஆடுபவரைச் சொந்த எண்ட் சோனுக்குள் (அவர்கள் பக்கக் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) மடக்கி சேஃப்டி, அதாவது தடுப்பணிக்கு 2 புள்ளி, எடுத்தாலும் அப்படியே.