பென்டிரைவுக்கு கட்டா, காப்பியா?

கேள்வி: எறா ஏலக் கணக்க எக்செல்ல அடிச்சுட்டு இருக்கும்போதே கரண்ட் போயி மொத்தமும் போச்சு. இனி பென்டிரைவுல வைக்கலாம்னு இருக்கேன், கட் பண்றதா காப்பி பண்றதா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வயிறு எரியத்தான் செய்யும் தங்கச்சி. நம்ம கரையில காத்து கொஞ்சம் தூக்கலா அடிச்சாலே கரண்ட் போயிடும், அதனால மொத வரி அடிச்சதுமே கன்ட்ரோல் எஸ் அமுக்கி பேர் குடுத்து சேவ் பண்ணிடுங்க, அப்புறம் ரெண்டு வரிக்கு ஒருக்கா அதையே அமுக்குங்க. பென்டிரைவுக்கு எப்பவும் காப்பிதான், கட் வேண்டாம். ஃபைல்மேல ஒரு கிளிக், கன்ட்ரோல் சி, பென்டிரைவ தொறந்து கன்ட்ரோல் வி, அங்க போனத ஒருதடவ தொறந்து கடைசி வரி வரைக்கும் இருக்கான்னு பாத்துக்கங்க. எஜெக்ட் (பென்டிரைவ பத்திரமா கழட்டுறதுக்கான ஆப்ஷன்) குடுக்காம மட்டும் புடுங்கிடாதீங்க. எக்செல்லயோ வேர்டுலயோ தெரியாம அழிஞ்சா பதறாம கன்ட்ரோல் இசட், திரும்பி வந்துடும்.