மறு: பாட்டன் காட்டைப் பத்தி எழுதினா கோஷமா ஆயிடுது, என்ன பண்ண?

வணக்கம்ங்க. மூணாறு மேல முதுவான் பழங்குடி ஆளுங்க இருக்கிற முதுவாக்குடி உங்க ஊரு, பாட்டன் காடு தேயிலைத் தோட்டமா போனதை கவிதையா எழுத உக்காந்தா நாலாவது வரியிலயே மேடைப்பேச்சு ஆயிடுதுன்னு கேட்டிருந்தீங்க. நான் போடிக்காரன், எங்க அப்பத்தா அதே மலையில கொழுந்து கிள்ளினவங்க.

கோபத்தை குறைக்க வேணாம், ஆனா வெள்ளைக்கார துரையை கொஞ்சம் லேட்டா உள்ள விடுங்க. மொதல்ல கேப்பை விதைச்ச சரிவு வரட்டும். நீங்க நடுவுல ஒளிச்சு வச்சிருக்கீங்களே, சுத்தி தேயிலை, நடுவுல பாட்டி மஞ்சள் தடவுற கல்லுன்னு, படிச்சதும் எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, அதுதாங்க ஆரம்பம். அப்புறம் குத்தகைப் பத்திரம் வரட்டும். 1877ல பூஞ்சார் ராஜா மன்றோ துரைக்கு மூணாறு இருக்கிற கண்ணன் தேவன் மலையை குத்தகைக்கு எழுதிக் கொடுத்தாரே, வருஷத்துக்கு 3000 ரூபா, அதை அப்படியே வறட்டுப் பத்திர பாஷையில ஒரே வரியா போடுங்க, கூட ஒரு ஐயோ கூட வேணாம்.

தாயகம், தொப்புள்கொடிங்கிற ரெண்டு வார்த்தையையும் எடுத்துடுங்க. பாட்டிகிட்ட அந்த ஓடைக்கும் பாறைக்கும் பழைய பேரு என்னன்னு கேட்டு அதை வைங்க.

கூலிக்கு வந்தவங்களைப் பத்தின வரி எங்க ஆளுங்களைத்தான் குத்துது. குத்தட்டும்ங்க, மாத்தாதீங்க. திருத்தினதும் இங்கயே போடுங்க, காத்திருக்கேன்.