டிஎல்சி (கலவையைப் பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பிரிகை) தட்டு: மாணவர்கள் கேட்டதும் என் பதில்களும்

பிஎஸ்சி மாணவி: கீரைச் சாற்றை டிஎல்சி தட்டில் ஓட்டினோம் மேடம். பச்சையாக வைத்த ஒரே புள்ளி மஞ்சள், பச்சை என்று பல புள்ளிகளாகப் பிரிந்தது. எப்படி?

தட்டில் வெள்ளையாகப் பூசியிருப்பது சிலிக்கா ஜெல். அதன் பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் முனைவுள்ள (மின்னூட்டம் சமமாகப் பரவாத) மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும். ஏறி வரும் கரைப்பானோ அவற்றைக் கரைத்து மேலே கொண்டுபோகப் பார்க்கும். கரோட்டீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். சிலிக்காவுக்கு அதில் பிடிமானமே இல்லை, அதனால் அது உச்சிக்குப் போய்விடும். பச்சையம் ஏ-யில் மெத்தில் தொகுதி இருக்கும் ஓரிடத்தில் பச்சையம் பி-யில் முனைவு கூடிய ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பி கீழே தங்கிவிடுகிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், மெக்னீசியத்தை இழந்த பச்சையம் அது. சாறு எடுத்தவுடன் ஓட்டிவிடுங்கள்.

இன்னொரு மாணவர்: புள்ளி வைக்கும் கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டுமா?

ஆமாம், பேனா மையும் கரைந்து ஏறும். அப்புறம், தொட்டியில் கரைப்பானின் மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும்.

எம்எஸ்சி மாணவர்: ஹெக்சேன் கரைப்பானில் எல்லாப் புள்ளிகளும் அடியிலேயே கிடக்கின்றன. எத்தில் அசிடேட்டில் எல்லாம் உச்சிக்குப் போய்விடுகின்றன.

இரண்டையும் கலந்து ஓட்டுங்கள், ஹெக்சேன் நான்கு பங்கு, எத்தில் அசிடேட் ஒரு பங்கு என்று தொடங்கலாம். எத்தில் அசிடேட் கூடக்கூட, அதுவே சிலிக்காவின் பரப்பில் இடம் பிடித்துக்கொண்டு உங்கள் பொருளை விடுவிக்கும். உங்கள் பொருள் அமீனாக (நைட்ரஜன் உள்ள காரப் பொருளாக) இருந்து, அதன் புள்ளி நீளமாக வால் விட்டால் கரைப்பானில் ஒரு சதவீதம் டிரைஎத்தில்அமீன் சேருங்கள். புள்ளியைச் சிறியதாக வைப்பதும் முக்கியம்.

மருந்தியல் மாணவி: நிறமில்லாத பொருளை எப்படிப் பார்ப்பது?

எஃப்254 என்று குறித்த தட்டு 254 நானோமீட்டர் புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை உறிஞ்சும் பொருள் அங்கே கறுப்பாகத் தெரியும். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். அமினோ அமிலங்களுக்கு நிறம் தரும் நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்: புத்தகத்தில் ஆர்எஃப் 0.42. எனக்கும் 0.42 வந்தது. அதே பொருள்தானே?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆர்எஃப் என்பது புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்த எண். தட்டு உறிஞ்சிய ஈரம், தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும் அளவு என்று எது மாறினாலும் அந்த எண்ணும் மாறும். அதனால் தெரிந்த பொருளின் மாதிரியையும் அதே தட்டில் வையுங்கள். ஒரு புள்ளி உங்களுடையது, ஒரு புள்ளி மாதிரி, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுப்புள்ளி இரண்டாகப் பிரிந்தால் அவை வேறு வேறு பொருள்கள். பிரியாவிட்டால் சந்தேகம் பாதிதான் தீர்ந்தது, கரைப்பானை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அதிலும் சேர்ந்தே போனால் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்குக் கொடுங்கள்.